பூண்டுத் தொக்கு: 2 கிலோவில் சரி, 40 கிலோவில் சொதப்பல்

கேள்வி:
பூண்டு-புளித் தொக்கு. 2 கிலோ போட்டால் அருமை. அதே விகிதத்தில் 40 கிலோ போட்டால் புளி பச்சை வாடை, தாளிப்பு கசப்பு. 200 கிராம் கண்ணாடிப் போத்தல், வெளியே வைத்து 6 மாதம் தாங்கணும். சிங்கப்பூர் தேக்கா (லிட்டில் இந்தியா) கடைகளுக்குப் போட எண்ணம். எதை மாற்றுவது?

பதில் 1:
விகிதம் சரிதான், நேரம்தான் ஏமாற்றுது. பாத்திரம் பெரிசானால் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் மேற்பரப்பு குறையும், தண்ணீர் மெதுவாத்தான் வற்றும். 'அரை மணி கொதிக்கவிடு' என்ற குறிப்பைக் கிழித்துப் போட்டுட்டு, இறக்கும் எடையை எழுதுங்க. 2 கிலோவை 1.3 கிலோவில் இறக்கினால் 40 கிலோ 26 ஆகிற வரை வற்றணும். கசப்புக்குக் காரணம் எண்ணெயின் சூடு. அடுப்பை அணைச்ச பிறகும் கடுகும் வெந்தயமும் கருகிக்கிட்டே இருக்கும். தாளிப்பை நாலைந்து பங்காகப் பிரிச்சு, வெடிச்சதும் கொட்டிடுங்க.

பதில் 2:
ருசி கிடக்கட்டும், பூண்டைப் பாருங்க. எண்ணெயில் காற்றுப் புகாமல் கிடக்கும் பூண்டில் போட்டுலினம்னு கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும், வாசனையில் தெரியாது. பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறைஞ்சால் புளிப்பு அதிகம்) 4.6க்கு மேல் போகவே கூடாது, 4.2ஐ இலக்கா வைங்க. புளி இருக்கேன்னு நம்பாதீங்க, முழுப் பல்லின் நடுவரைக்கும் புளிப்பு இறங்க நேரமாகும். ஒரு நாள் ஊறவிட்டு, பல்லை மட்டும் தனியே அரைச்சு அளங்க. பிஎச் மீட்டர் முனையில் எண்ணெய் படிந்தால் அளவு தப்பும். எண்ணெயை வடிச்சிடணும், 4.0, 7.0 கரைசல்களில் மீட்டரைச் சரிபார்த்துக்கணும். நிரப்பும்போது 85 டிகிரிக்குக் குறையக்கூடாது. மூடியதும் சில நிமிடம் தலைகீழா வைங்க. போத்தலை முன்கூட்டியே சூடாக்கலைன்னா அடி விட்டுடும்.

கேட்டவர்:
நன்றி. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலேயே செய்து கடைக்குக் கொடுக்கலாமா?

பதில் 3:
கூடாதுங்க. தெரிஞ்சவங்களுக்கு வீட்டிலிருந்து விற்பது வேறு. கடைக்குப் போகிற சரக்கு சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் உள்ள கூடத்தில் தயாராகணும். லேபிளில் பலரும் கோட்டை விடுவது பெருங்காயத்தில்: கூட்டுப் பெருங்காயம் பலதில் கோதுமை மாவு கலந்திருக்கும், அதைக் குறிப்பிட்டே ஆகணும். 6 மாதச் சோதனைக்கு 40 கிலோ கொப்பரையில் செய்த போத்தல்களையே எடுங்க, அடுப்படிச் சாம்பிள் உதவாது. பாதியை அறையிலும் மீதியை 45 டிகிரியிலும் வைத்து எண்ணெய்ச் சிக்கு வாடை வருதான்னு பாருங்க. சூட்டில் நிறம் சீக்கிரம் கருக்கும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீங்க. கூடவே சில போத்தல்களைப் படுக்கப் போட்டு வைங்க. மூடியின் உள்வளையம் நல்லெண்ணெய்க்குத் தாங்கலைன்னா ஒரு வாரத்திலேயே லேபிள் ஊறிடும்.