விஷ்போன் ஆஷ் ‘ஆர்கஸ்’ பாணியில் இரண்டு கிட்டார்: சில நோட்டில் மட்டும் இடிக்கிறது, உதவுங்கள்

மொட்டைமாடி:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் சித்தப்பா பையனும் கிட்டார் வாசிப்போம். கொஞ்ச நாளாக விஷ்போன் ஆஷ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 1972 ஆல்பம் ‘ஆர்கஸ்’ எங்களைப் பிடித்து ஆட்டுகிறது. அதில் இரண்டு கிட்டாரும் ஒரே மெட்டை ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஒட்டிக்கொண்டு வாசிக்கும் இடங்கள் இருக்கிறதல்லவா, அந்தப் பாணியில் டி மேஜரில் நாங்களே ஒரு சின்ன மெட்டுப் போட்டோம். அவன் மெட்டை வாசிப்பான். நான் அதையே, விரல் அமைப்பு மாறாமல், நான்கு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கும் கம்பிக் கட்டை) மேலே தள்ளி வாசிப்பேன்.

முதல் நோட் அருமையாக இருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் பல் கூசுகிறது. நான்காவது வந்ததும் மறுபடி சரியாகிவிடுகிறது. எங்கே கோளாறு என்றே தெரியவில்லை.

செய்து பார்த்தவை: இரண்டு கிட்டாரையும் ஒரே ட்யூனரில் சுருதி சேர்த்தோம். தந்தி மாற்றினோம். பிரிட்ஜில் இன்டொனேஷன் சரிபார்த்தோம். ஆம்ப் ஒன்றுதான் இருக்கிறது, அதில் இரண்டு இன்புட் உண்டு என்பதால் இருவரும் அதிலேயே சொருகிக்கொள்கிறோம். கெயின் (ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழ்) பாதிக்கு மேல்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆல்பத்தில் யார் எதை வாசிக்கிறார்கள் என்று எங்களால் பிரித்தே கேட்க முடியவில்லை. வீட்டில் இருப்பது ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கர். எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் நல்லது. எங்கள் வட்டத்தில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள்கூட இல்லை.

ஷார்ப்_ஃப்ளாட்:

கிட்டார் கழுத்து வளைந்திருக்கும் ப்ரோ. கடையில் கொடுத்து கழுத்துக்குள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்க.

ஆறுதந்தி:

கடைக்கெல்லாம் போக வேண்டாம் தம்பி. கழுத்து வளைந்திருந்தால் நான்காவது நோட் மட்டும் எப்படி ஒழுங்காக வரும்? கோளாறு கிட்டாரில் இல்லை, அந்த “நான்கு ஃப்ரெட் மேலே” என்பதில் இருக்கிறது.

டி மேஜர் ஸ்கேலில் இருக்கும் நோட்டுகள்: டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி, சி ஷார்ப். டி-க்கு நான்கு ஃப்ரெட் மேலே எஃப் ஷார்ப். அது ஸ்கேலுக்குள் இருக்கிறது, அதனால் இனிக்கிறது. ஈ-க்கு நான்கு ஃப்ரெட் மேலே போனால் ஜி ஷார்ப். அது இந்த ஸ்கேலிலேயே கிடையாது. எஃப் ஷார்ப்புக்கு நான்கு தள்ளினால் ஏ ஷார்ப், அதுவும் வெளியாள். ஜி-க்குத் தள்ளினால் பி, மறுபடி வீட்டுக்குள். உங்கள் மெட்டு டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி என்று ஏறுகிறது என்று நினைக்கிறேன். சரிதானே?

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்திருந்தால் இன்னும் சுலபம். டி-யை ச என்று வைத்தால் இது சங்கராபரணம். ச-வுக்கு மேலே க, ரி-க்கு மேலே ம, க-வுக்கு மேலே ப. ஒரு சுரத்தை விட்டு அடுத்ததை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி எடுத்தால் தூரம் தானாகவே மாறும்: ச, ம, ப மூன்றுக்கும் நான்கு ஃப்ரெட். ரி, க, த, நி நான்குக்கும் மூன்று ஃப்ரெட்.

அதாவது உங்கள் விரல் அமைப்பும் தம்பியின் விரல் அமைப்பும் ஒன்றாக இருக்கவே முடியாது. அவர் மெட்டை நீங்கள் நகலெடுக்காமல் உங்கள் வரியைத் தனி மெட்டாகவே மனப்பாடம் செய்யுங்கள். அவர் இல்லாதபோது தனியாக வாசித்தாலும் அது ஒரு பாட்டு மாதிரி ஒலிக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. கீழே டி கார்ட் (டி, எஃப் ஷார்ப், ஏ சேர்ந்தது) ஒலிக்கும்போது மெட்டு ஏ-யில் நீண்டு நின்றால், விதிப்படி உங்களுக்கு சி ஷார்ப் வரும். அது கார்டில் இருக்கும் டி-யோடு உரசும். அந்த இடத்தில் ஒரு ஃப்ரெட் ஏறி டி-யையே பிடித்துக்கொள்ளுங்கள். நீண்டு நிற்கும் நோட்டுக்கு ஸ்கேலைவிடக் கார்டுதான் முக்கியம். ஓடும் நோட்டுகளுக்கு இவ்வளவு கவலை வேண்டாம்.

வால்வு_வைத்தியர்:

மேலே சொன்னதைச் சரிசெய்தாலும் உங்களுக்குப் பாதி வியாதிதான் தீரும். ஒரே ஆம்பில் இரண்டு கிட்டாரைச் சொருகி கெயினை ஏற்றுகிறீர்களே, அதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு ஆம்ப் டிஸ்டார்ட் ஆகும்போது, அதாவது ஒலி கரகரக்கும்போது, உள்ளே போன நோட்டோடு நிற்காது. இரண்டு நோட் சேர்ந்து போனால் அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் புதிய ஒலியாகக் கக்கும். ஏ என்பது 440 ஹெர்ட்ஸ், அதற்கு மேலே உள்ள சி ஷார்ப் சுமார் 554. வித்தியாசம் 114. இந்த 114 என்ன நோட் என்று பாருங்கள். இரண்டு ஆக்டேவ் கீழே உள்ள ஏ 110, ஏ ஷார்ப் ஏறத்தாழ 116.5. இது இரண்டும் இல்லாமல் நடுவில் தொங்குகிறது. ஃப்ரெட் வைத்த கிட்டாரில் மேஜர் தேர்ட் (அந்த நான்கு ஃப்ரெட் தூரம்) இயற்கையான 5:4 விகிதத்தைவிடச் சுமார் 14 சென்ட் (ஒரு ஃப்ரெட் தூரம் 100 சென்ட்) கூடுதலாக இருப்பதால் வரும் வினை. விகிதம் சுத்தமாக இருந்திருந்தால் 550-இல் 440 போக 110, கச்சிதமாக ஏ விழுந்திருக்கும்.

இரண்டு கிட்டாருக்கும் தனித்தனி ஆம்ப் இருந்தால் இந்தக் கலப்படம் நடக்காது. ஒவ்வொரு ஆம்பும் ஒரே ஒரு நோட்டைத்தான் கடிக்கும், இரண்டும் காற்றில்தான் சந்திக்கும். ஒரே ஆள் ஒரே கிட்டாரில் இரண்டு தந்தியைச் சேர்த்து டிஸ்டார்ஷனில் இந்த வரியை வாசித்தால் ஏன் ‘ஆர்கஸ்’ மாதிரி வருவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். இரண்டு ஆள் வேண்டும், இரண்டு ஆம்பும் வேண்டும்.

இன்னொரு ஆம்ப் கிடைக்கும்வரை கெயினை நன்றாக இறக்கிவிடுங்கள். அந்த ஆல்பத்தைக் கவனித்துக் கேட்டால் தெரியும், கிட்டார் ஒலி நாம் நினைப்பதைவிட எவ்வளவோ சுத்தம். ஹார்ட் ராக் என்றதும் எல்லோரும் குமிழைத் திருகிவிடுகிறார்கள்.

மொட்டைமாடி:

ஆறுதந்தி அண்ணா, மெட்டு நீங்கள் சொன்ன அதே நான்கு நோட்தான்! ஈ-க்கு ஜி, எஃப் ஷார்ப்புக்கு ஏ என்று மாற்றினோம், பல் கூச்சம் போய்விட்டது. பக்கத்து வீட்டு மாமாவிடம் பழைய சின்ன ஆம்ப் ஒன்று இரவல் வாங்கிச் சொருகியதும் ஒலி அப்படியே விலகி நின்றது.

ஆனால் ஒரு நோட்டை இழுத்து பெண்ட் செய்யும் இடத்தில் மட்டும் இன்னும் சேரவில்லை. கேட்கும் விஷயத்துக்கும் யாரும் பதில் சொல்லவில்லையே?

பழைய_கேசட்:

அதற்குத்தான் வந்தேன். முதலில் அந்த ஒற்றை ஸ்பீக்கரை ஓரமாக வையுங்கள். இந்த ஆல்பத்தில் இரண்டு கிட்டாரையும் இடம், வலம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒற்றை ஸ்பீக்கரில் அந்தப் பிரிவு மொத்தமும் கரைந்துவிடும். கம்பி ஹெட்போன் சாதாரணமானதே போதும். ஒரு பாட்டை ஒரு காதில் மட்டும் மாட்டிக் கேளுங்கள், பிறகு மறு காதில். முக்கால்வாசிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

ஆட்களைப் பற்றிக் கொஞ்சம். 1969-இல் பேஸ் வாசிக்கும் மார்ட்டின் டர்னரும் ட்ரம்மர் ஸ்டீவ் அப்டனும் கிட்டாருக்கு ஆள் தேடினார்கள். கடைசியில் தேறியவர்கள் இரண்டு பேர், ஆண்டி பவலும் டெட் டர்னரும். யாரை விடுவது என்று தெரியாமல் இருவரையும் வைத்துக்கொண்டார்கள். (டெட்டும் மார்ட்டினும் உறவினர்கள் இல்லை, பெயர்தான் ஒன்று.) ஒருவர் தாளம் பிடிக்க ஒருவர் முன்னால் நின்று சோலோ வாசிப்பது என்ற வழக்கமான ஏற்பாடு இதனாலேயே இங்கே கிடையாது. பவல் கையில் கிப்சன் ஃப்ளையிங் வி, டெட் கையில் பெரும்பாலும் ஃபெண்டர் ஸ்ட்ராட். ஒன்று கனத்த குரல், மற்றது மெல்லிய மணிக்குரல். அதனால்தான் ஒட்டி வாசித்தாலும் ஒன்றை ஒன்று விழுங்குவதில்லை. நீங்கள் இருவரும் ஒரே மாதிரி பிக்கப் வைத்திருந்தால் ஒருவர் கழுத்துப் பக்கத்துப் பிக்கப், மற்றவர் பிரிட்ஜ் பக்கம் என்று மாற்றிப் பாருங்கள்.

இப்போது பாட்டுகள். மொத்தமே 7. ‘டைம் வாஸ்’ஸில் தொடங்காதீர்கள். நல்ல பாட்டுதான், ஆனால் அமைதியான அக்கூஸ்டிக் முன்பகுதியே சில நிமிடம் ஓடும், பொறுமை போய்விடும். ‘ப்ளோயிங் ஃப்ரீ’யில் தொடங்குங்கள், வெயில் அடிக்கிற மாதிரி ஒரு ரிஃப், குழுவைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அடுத்து ‘சம்டைம் வேர்ல்ட்’. முதல் பாதி மெதுவாக, கிட்டத்தட்டச் சோகமாகப் போகும். பாதியில் வேகம் பிடிக்கும். அங்கே எல்லோரும் கிட்டார் சோலோவைத்தான் கேட்பார்கள். நீங்கள் ஒரு தடவை பேஸை மட்டும் கேளுங்கள். மார்ட்டின் டர்னர் அடியில் நின்று தூண் பிடிக்கவில்லை, மூன்றாவது மெட்டு ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறார். இந்தக் குழுவை ‘இரட்டைக் கிட்டார்’ குழு என்று சொல்லிச் சொல்லியே அவரைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

‘லீஃப் அண்ட் ஸ்ட்ரீம்’ விரலால் மீட்டும் அமைதியான பாட்டு, ஹார்மனி (இரண்டு கிட்டாரும் மேலும் கீழுமாக ஒட்டி வாசிப்பது) வேட்டைக்கு உதவாது. ஆனால் தாண்டிவிடாதீர்கள்.

உங்கள் காரியத்துக்குச் சரியான பாட்டு கடைசியில் இருக்கிறது: ‘த்ரோ டவுன் த ஸ்வோர்ட்’. தந்தி தந்தியாக மீட்டி மெதுவாக எழும்பும் தொடக்கம். முடிவில் இரண்டு லீட் கிட்டார்கள் ஒரே நேரத்தில் சோலோ வாசிக்கும். அங்கே ஹார்மனியே கிடையாது! ஒன்று நீட்டி நிற்கும்போது மற்றது ஓடும், ஓடியது நின்றதும் நின்றது கிளம்பும். இரண்டும் சேர்ந்து ஓடும் இடத்தில்கூட நெரிசல் தெரியாது. தேர்ட் கணக்கைப் பதினைந்து நிமிடத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். எப்போது வாயை மூடிக்கொண்டு இன்னொருவருக்கு இடம் விடுவது என்பது அந்தக் கணக்கில் வராது. என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தின் கிட்டார் பெருமை முழுக்க அந்த முடிவில்தான் இருக்கிறது. பின்னால் மெல்லிதாக ஒரு ஆர்கன் கேட்கும், அது ரினைசான்ஸ் குழுவின் ஜான் டவுட்.

ஈ_மைனர்:

நல்ல பதிவு, ஆனால் வெளியே இந்த ஆல்பத்தை “யாரும் மதிக்கவில்லை” என்று ஆளாளுக்குச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கிலாந்துப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போன ஆல்பம் இது. இரட்டைக் கிட்டார் ஹார்மனியும் இவர்கள் கண்டுபிடிப்பு இல்லை, ஆல்மன் பிரதர்ஸ் முன்பே வாசித்துவிட்டார்கள்.

பழைய_கேசட்:

கண்டுபிடித்தார்கள் என்று நான் சொல்லவில்லையே சார். ஆல்மன் பிரதர்ஸ் ஹார்மனியில் ப்ளூஸ் வாடை. இவர்கள் அதையே இங்கிலீஷ் நாட்டுப்பாடல் பக்கம் திருப்பினார்கள். பின்னால் தின் லிஸி, அயர்ன் மெய்டன் என்று போன பாதை இந்தப் பக்கம்தான் வருகிறது. மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸே விஷ்போன் ஆஷ் பாதிப்பை வெளிப்படையாகச் சொன்னவர்.

மதிப்பு விஷயம்: அன்றைக்கு மதித்தார்கள், உண்மை. ஆனால் 1972 என்பது ‘மெஷின் ஹெட்’, ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’, ‘ஃபாக்ஸ்ட்ராட்’, ‘ஸிக்கி ஸ்டார்டஸ்ட்’ என்று பெரிய ராக் ஆல்பங்கள் எல்லாம் வந்த வருடம். அந்த நெரிசலில் பின்னால் வந்தவர்கள் நினைவில் வைத்துக்கொண்டது மற்றவற்றை. ‘மெஷின் ஹெட்’டுக்கும் ‘ஆர்கஸ்’ஸுக்கும் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஒரே ஆள், மார்ட்டின் பர்ச். பிற்பாடு அயர்ன் மெய்டன் ஆல்பங்களைத் தயாரித்தவரும் அவரேதான். அந்தக் காது எங்கே பழகியது என்று யோசித்துப் பாருங்கள்.

ஷார்ப்_ஃப்ளாட்:

ட்ரஸ் ராட் யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன். 😄 இதுக்கு ஹார்மனைசர் பெடல் ஒண்ணு வாங்கினா ஒரே ஆளே வாசிச்சிடலாமே?

வால்வு_வைத்தியர்:

வாசிக்கலாம். ஸ்கேலைச் சொல்லிக்கொடுத்தால் மூன்றா நான்கா என்று அதுவே கணக்குப் போடும் பெடல்கள் இருக்கின்றன. ஆனால் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் நான் சொன்ன அதே கலப்படம் திரும்ப வரும். பின்னால் வைத்தால் இரண்டு குரலும் ஒரே கையில் இருந்து வந்தது போல் வழவழவென்று இருக்கும். வீட்டில் ஆள் இருக்கும்போது பெடல் எதற்கு?

ஆறுதந்தி:

மொட்டைமாடி தம்பி, பெண்ட் கேள்விக்கு வருகிறேன். அங்கேயும் அதே கணக்குதான். அவர் டி-யிலிருந்து ஈ-க்கு இழுத்தால் இரண்டு ஃப்ரெட் தூரம். அதே நேரத்தில் உங்களுக்கு எஃப் ஷார்ப்பிலிருந்து ஜி, ஒரே ஃப்ரெட் தூரம். அவர் இழுக்கும் அளவுக்கு நீங்களும் இழுத்தால் ஜி ஷார்ப்புக்குப் போய்விடுவீர்கள். அவர் ஈ-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இழுக்கும்போது இருவருக்கும் ஒரே அளவு, ஏனென்றால் உங்களுடையது ஜி-யிலிருந்து ஏ.

இழுக்கும் வேகமும் சேர வேண்டும். போய்ச் சேரும் நோட் சரியாக இருந்தாலும் ஒருவர் வெடுக்கென்றும் ஒருவர் மெதுவாகவும் இழுத்தால் நடுவழியில் அசிங்கமாக இருக்கும். வைப்ரேட்டோவை (நோட்டை லேசாக அசைப்பது) இப்போதைக்கு ஒருவர் மட்டும் போடுங்கள், மெட்டு வாசிப்பவர். நீங்கள் அசையாமல் நில்லுங்கள். பழகிய பிறகு இருவரும் போடலாம்.

மொட்டைமாடி:

ஜி ஷார்ப்பேதான் விழுந்துகொண்டிருந்தது அண்ணா, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஹெட்போனில் ‘த்ரோ டவுன் த ஸ்வோர்ட்’ முடிவை ஆளுக்கு ஒரு காதாகக் கேட்டோம். எந்தப் பக்கம் நன்றாக வாசிக்கிறது என்று எனக்கும் அவனுக்கும் சண்டை. நான் ஆன்லைனில் கேட்பதும் அவன் அப்பாவின் பழைய சிடியும் கொஞ்சம் வேறு மாதிரி ஒலிக்கிறது, எங்கள் காதில்தான் கோளாறா?

பழைய_கேசட்:

காதில் கோளாறு இருக்காது. 2002-இல் மார்ட்டின் டர்னர் இந்த ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து ஒரு பதிப்பு வந்தது, கூடவே மெம்ஃபிஸ் நேரலைப் பதிவுகளும் சேர்த்து. உங்களில் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பட்டியலில் கடைசியாக ‘ஃபீனிக்ஸ்’ நேரலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அந்தப் பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். வாசித்துப் பழகுவதற்கு நான் பழைய மிக்ஸைத்தான் சொல்வேன்.