இலையெல்லாம் கொட்டிய பிறகு என்ன செய்கிறீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

திரியைத் தொடங்கியவர்:

வணக்கம். மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கிற இரண்டு மூன்று வாரம் எல்லோரும் கேமராவும் கையுமாக அலைகிறார்கள். அது முடிந்து, பனியும் விழத் தொடங்காத அந்த இடைப்பட்ட நாட்களை யாரும் சீந்துவதில்லை. வானம் சாம்பல், தரை சேறு, வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டு. நானும் பல வருஷம் அந்த மாதத்தைப் போர்வைக்குள்ளேயே கழித்தவள்தான்.

மாற்றியது என் மகள். அவளுக்கு அப்போது ஏழு வயது. மொட்டை மரத்தைக் காட்டி, "அம்மா, அங்க யாரோ வீடு கட்டியிருக்காங்க" என்றாள். கிளைகள் பிரியும் இடத்தில் ஒரு கூடு. கோடை முழுவதும் அந்த மரத்தடியில்தான் விளையாடினாள், இலை மறைத்ததில் எங்கள் கண்ணில் படவேயில்லை. அன்றிலிருந்து கூடு எண்ணுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஒரு நோட்டு, ஒரு பென்சில், பழைய பைனாகுலர். அதே பாதையில் ஞாயிறுதோறும் நடப்போம். முதல் வருஷம் பதினெட்டு எண்ணினோம்.

பதினெட்டும் பறவைக்கூடு என்று எழுதி வைத்திருந்தோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நாங்கள் விரல் நீட்டுவதைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார்! உருண்டையாக, காய்ந்த இலை திணித்தது மாதிரி இருந்தால் அது அணில் கட்டியதாம், பறவையினுடையது இல்லை. சாம்பல் நிறக் காகிதப் பந்து போல் தொங்கியது குளவிக்கூடு. குளவிகள் மரத்தை மென்று கூழாக்கிக் கட்டுகின்றன. குளிர் வந்ததும் வேலைக்காரக் குளவிகள் செத்துவிடும், இளம் ராணிகள் வேறெங்காவது போய் ஒடுங்கிக்கொள்ளும், அந்த வீடு அப்படியே காலி. எல்லா இலையும் போன மரத்தில் மூன்று இடத்தில் மட்டும் பச்சையாக உருண்டு நின்றதே, அது கூடே இல்லை, புல்லுருவி. மரத்தின் சாற்றை உறிஞ்சி குளிரிலும் பச்சையாக இருக்கும்.

கடைசியில் தேறியது ஒன்பது. மகளுக்கு அழுகை வந்துவிட்டது. பெரியவரே பதறிப்போய், "அணிலும் குளவியும் கட்டினா அது வீடு இல்லையா பாப்பா?" என்று சமாளித்தார். நோட்டில் மூன்று தனிப் பக்கம் பிரித்தோம்.

ஒரு விஷயம்: காலியாக இருக்கிறதே என்று கூட்டை எடுத்து வராதீர்கள். சில பறவைகள் அடுத்த வருஷம் அதையே செப்பனிட்டுக்கொள்ளும். சில நாடுகளில் எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

உங்கள் கதையைச் சொல்லுங்கள். போர்வைக் கதையாக இருந்தாலும் சரி.

இராக்கோழி:

அக்கா, சீக்கிரம் இருட்டுதுன்னு நீங்க சலிச்சுக்கறீங்க. அதுதான் எனக்குத் திருவிழாவே. கோடையில நட்சத்திரம் பார்க்கணும்னா பத்து மணி தாண்டி முழிச்சிருக்கணும். நவம்பர்ல ஆறு மணிக்கே வானம் தயார்.

போன வருஷம் லியோனிட் எரிகற்கள் பார்க்கணும்னு நவம்பர் 17 ராத்திரி அலாரம் வெச்சு, விடியக்காலம் நாலு மணிக்கு மைதானத்துக்குப் போனேன். அந்த எரிகற்கள் சிம்ம ராசிப் பக்கத்துலேர்ந்து வர்ற மாதிரி தெரியும். அந்த ராசி நடுராத்திரிக்குத்தான் எழும்பும், அதனால அந்த நேரம்தான் சரி. மூணு ஸ்வெட்டர், தரையில விரிக்க ஒரு பாய். ரெண்டு மணி நேரத்துல எத்தனை பார்த்தேன் தெரியுமா? அஞ்சு. சிரிக்காதீங்க. 1833-ல இதே எரிகற்கள் மழை மாதிரி கொட்டி, உலகமே முடியுதுன்னு ஜனங்க பயந்திருக்காங்க. இந்த எரிகற்களெல்லாம் ஒரு வால்நட்சத்திரம் விட்டுட்டுப் போன தூசிதான், அது சூரியனைச் சுத்தி வர 33 வருஷம் ஆகும். அது வந்துபோற சமயத்தை ஒட்டித்தான் அப்படிக் கொட்ட வாய்ப்பு. மத்த வருஷம் மணிக்குப் பத்து, பதினஞ்சு தெரிஞ்சாலே அதிர்ஷ்டம்.

ஆனா நாலாவது எரிகல் விழும்போது நான் தனியா இல்லை. நாயோட நடக்க வந்த ஒருத்தர், பாயில ஆள் கிடக்கறதைப் பார்த்து மயக்கம்னு நினைச்சு ஓடி வந்தார். "ஒண்ணுமில்ல சார், வானத்தைப் பார்க்கறேன்"னேன். ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு அவரும் பாய் ஓரத்துல உட்கார்ந்துட்டார். நாயும்தான். அவர் செல்போனை எடுத்ததும் பதறிட்டேன், கண்ணு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒரு தடவை ஸ்க்ரீனைப் பார்த்தா மறுபடி முதல்லேர்ந்து. சரின்னு சட்டைப்பையில போட்டுக்கிட்டார். அப்புறம் வானத்தை அறுத்துக்கிட்டு ஒண்ணு போச்சு பாருங்க, அதன் தடம் சில நொடி புகை மாதிரி நின்னுது. மனுஷன் ஒரு வார்த்தை பேசலை. அஞ்சாவதையும் பார்த்துட்டு, "நாளைக்கும் வருமா?"ன்னார்.

இதுக்கெல்லாம் தூக்கம் கெடக் கூடாதுன்னா, சாயங்காலமே கிழக்கே கார்த்திகைக் கூட்டத்தைப் பாருங்க. நவம்பர்ல ராத்திரி முழுக்க இருக்கும். பழந்தமிழ்ல அறுமீன். எத்தனை தெரியுதுன்னு வீட்டுல ஆளுக்கு ஒரு தடவை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்க, சண்டை நிச்சயம்.

மண்வெட்டி:

எனக்குத் தோட்டம். டூலிப் கிழங்குகளை இப்போதுதான் புதைக்க வேண்டும், மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு. பல வாரம் குளிரில் கிடந்தால்தான் வசந்தத்தில் பூக்கும், இது நிறைய பேருக்குத் தெரியாமல் வசந்தத்தில் போய் நடுகிறார்கள். கிழங்கின் உயரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம், முனை மேலே பார்க்க வேண்டும்.

போன வருஷம் ஒரு மத்தியானம் முழுக்க முதுகு ஒடிய நாற்பது புதைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் பின்னாலேயே ஒரு அணில் வரிசையாகத் தோண்டிக்கொண்டு வருகிறது. முதல் பதினொன்று போயே போச்சு. இப்போது மேலே கம்பி வலை போட்டு மண் மூடுகிறேன். மேலே இருப்பவர் அணில் வீட்டைப் பாசத்தோடு எண்ணுகிறார், எனக்கு அந்தப் பாசம் இல்லை.

சும்மா இருப்பவன்:

போர்வைக் கதை கேட்டீங்களே. ஜன்னலோரம் நாற்காலி, ஒரு கனமான நாவல், வெளியே மழை. நாலு வருஷமா அதே நாவல். 112-ஆம் பக்கம் தாண்டலை. சுகமா இருக்கேன்.

பெயர் வேண்டாம்:

என் அலுவலக வாசலில் ஒரு ஜிங்கோ மரம். மற்ற மரங்கள் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். இது அப்படியில்லை. பொதுவாகவே மரம் தன் இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்பு போலக் கட்டித்தான் இலையைக் கழற்றிவிடுகிறது. ஜிங்கோவில் அது எல்லா இலைக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே தயாராகிவிடும். முதல் கடும் உறைபனி விழுந்த காலையில் மொத்தமும் சில மணி நேரத்தில் கொட்டிவிடும். ஆறு வருஷமாக நான் போய்ச் சேருவதற்குள் மரம் மொட்டை, தரை மஞ்சள்.

ஏழாவது வருஷம் முந்தின இரவே கண்ணாடிமீது பனி பூத்ததைப் பார்த்து விடியும்முன் கிளம்பினேன். காற்று துளியும் இல்லை. ஆனால் இலை விழுந்துகொண்டே இருந்தது, மழைத் தூறல் சத்தத்தோடு. மரத்தடியில் தெரு கூட்டும் அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். "கூட்டலையாம்மா?" என்றேன். "கொட்டி முடியட்டும் தம்பி. வருஷத்துக்கு ஒரு நாள்தான் என்னை நிக்கவிடுது இது" என்றார். நாங்கள் இருவரும் முக்கால் மணி நேரம் நின்றோம். அவர் இதை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறாராம். நான் ஆறு வருஷமாகப் பார்த்ததெல்லாம் அவர் பெருக்காமல் விட்ட மிச்சம்.

தெற்கத்திக்காரர்:

நவம்பர் நவம்பர் என்கிறீர்கள். பூமத்திய ரேகைக்குக் கீழே எங்களுக்கு இலையுதிர்காலத்தின் கடைசி மாதம் மே! இராக்கோழி தம்பிக்கு ஒரு தகவல்: மே முதல் வாரம், விடியலுக்கு முன்பு, ஹாலி வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசியால் வருகிற எரிகற்கள் எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். உங்கள் அஞ்சைவிட அதிகம். பாய் நான் தருகிறேன்.

இன்னொன்று. இளவேனில், முதுவேனில், கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று ஆறு பொழுது வைத்த தமிழில் இலை உதிர்வதற்கென்று ஒரு பொழுது இல்லை. கூதிர் என்றால் குளிர்காற்று. எனக்கென்னவோ இந்த மாதத்துக்கு அந்தச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது.

திரியைத் தொடங்கியவர்:

மண்வெட்டி சார், அணிலுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஜிங்கோ கதையை மகளுக்குப் படித்துக் காட்டினேன், அடுத்த உறைபனிக்கு எழுப்பிவிடச் சொல்லியிருக்கிறாள். நேற்று மேகம் விலகியிருந்தது, இருவரும் மாடிக்குப் போனோம். அறுமீனில் அவள் ஏழு எண்ணினாள், எனக்கு நாலுதான் தெரிந்தது. கண்ணாடி மாற்றச் சொல்கிறாள்.