பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தக்க கிறிஸ்தவக் கதைகள் எவை?

கேள்வி: ஞாயிறு பள்ளி ஆசிரியை, காட்பாடி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையில் 13 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். ஆலயத்தின் பின்கட்டில் கிடந்த மர அலமாரி ஒன்றைத் துடைத்து, இவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று படிப்பதற்கான சிறு நூலகமாக்க முயன்று வருகிறோம். இப்போது அதில் இருப்பவை பிரசங்கத் தொகுப்புகளும், விசுவாசிகள் தம் அனுபவத்தைச் சொல்லும் சாட்சிப் புத்தகங்களும்தான். அவற்றை ஒரு பிள்ளையும் தொடுவதில்லை. பிள்ளைகள் கதை கேட்கிறார்கள். பெற்றோரோ, ஆபாசமும் கெட்ட வார்த்தையும் இல்லாததாகவும், விசுவாசத்துக்கு இடறல் உண்டாக்காததாகவும் இருந்தால் மட்டுமே அனுமதிப்போம் என்கிறார்கள்.

சென்ற மாதம் சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா வரிசையில் ஒரு புத்தகத்தை வாங்கி வைத்தேன். அட்டையில் சூனியக்காரி என்றிருந்ததைக் கண்ட மூப்பர் ஒருவர், அதை உடனே எடுத்துவிடச் சொன்னார். எங்களிடம் இருப்பது 3000 ரூபாய். எவற்றை வாங்கலாம், எதை அளவுகோலாகக் கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

பதில் 1: ஒரு தகப்பன், இராணிப்பேட்டை

சகோதரிக்கு வணக்கம். அந்த மூப்பரின் அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். என் மகள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தபோது நானும் முதலில் அட்டையைத்தான் பார்த்தேன். பிறகு அவள் உறங்கியபின் முழுவதையும் படித்தேன். எட்மண்ட் என்னும் சிறுவன், சூனியக்காரி கொடுத்த துருக்கி மிட்டாய்க்கு ஆசைப்பட்டு உடன்பிறந்தவர்களையே காட்டிக்கொடுக்கிறான். (நம் பிள்ளைகளுக்கு ஆற்காடு மக்கன் பேடா என்று சொன்னால் அந்த ஆசையின் பலம் உடனே விளங்கும்.) துரோகிக்குரிய மரணத்தை அஸ்லான் என்னும் சிங்கம் அவனுக்குப் பதிலாக ஏற்றுக்கொள்கிறது. மீட்பு என்ற சொல்லை ஞாயிறுதோறும் கேட்டும் அசையாத என் மகள், அந்த இடத்தில் அழுதாள். சூனியக்காரி அங்கே போற்றப்படவில்லை, தோற்கடிக்கப்படுகிறாள். எந்தோர் என்னும் ஊரில் அஞ்சனம் பார்க்கிற, அதாவது மாயவித்தை செய்கிற, ஸ்திரீ வேதாகமத்தில் சாமுவேலின் புத்தகத்திலேயே வருகிறாள் என்பதை மூப்பர் ஐயாவுக்குப் பணிவோடு நினைவூட்டலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1950 முதல் 1956 வரை ஏழு புத்தகங்கள் வெளிவந்தன. ஆனால் இன்றைய பதிப்புகள் பலவற்றில் 1 என்று எண்ணிடப்பட்டிருப்பது, 1955-இல் ஆறாவதாக வெளிவந்த புத்தகம். எட்மண்டின் கதையே முதலில் வந்தது, அதிலிருந்தே தொடங்கச் செய்யுங்கள்.

பதில் 2: ஒரு தாய், சத்துவாச்சாரி

தூய்மையான கதை என்று விற்கப்படும் ஆங்கிலக் காதல் கதைகளைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். கனடா எழுத்தாளர் ஜேனட் ஓக் 1979-இல் வெளியிட்ட நாவலில், பயணத்தின் நடுவே கணவனை இழந்த இளம்பெண், மனைவியை இழந்து பெண்குழந்தையுடன் இருக்கும் ஒருவரை உடனடியாக மணந்துகொள்கிறாள். அன்பு பின்னால் மெல்ல வருகிறது. அதில் முகம் சுளிக்க ஒரு வரியும் கிடையாது, எனக்கும் பிடித்த கதைதான். ஆயினும் இவ்வகைக் கதைகளையே பத்துப் பன்னிரண்டு என்று தொடர்ந்து படிக்கும் பதினான்கு வயதுப் பெண், தேவன் தனக்கு வைத்திருக்கும் திட்டம் நல்ல மாப்பிள்ளை ஒன்றே என்று எண்ணத் தொடங்கிவிடுகிறாள். அழுக்கு இல்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு, கதை பிள்ளையின் மனத்தில் எதை விதைக்கிறது என்பதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். நம் வேலூரில் 1918-இலேயே ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கு மருத்துவப் படிப்பைத் தொடங்கினார் என்பதால், இது எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது.

பதில் 3: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வாலாஜாப்பேட்டை

எல்லோரும் ஆங்கிலப் புத்தகங்களையே பேசுகிறீர்கள். தமிழின் முதல் நாவலை எழுதியவரே ஒரு கிறிஸ்தவர்தாம். முன்சீப்பாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரத்தில், ஆண்வேடம் பூண்ட ஞானாம்பாள் ஒரு நாட்டுக்கே அரசாகிறாள். நடுநடுவே நீதி போதனை நீண்டுவிடும். அப்பக்கங்களைத் தாண்டிப் படிக்கலாம் என்று நானே மாணவர்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம் என்னும் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய இரட்சணிய யாத்திரிகம் அழகான காப்பியம், ஆனால் இந்த வயதினருக்குச் செய்யுள்நடை கடினம்; பனியனின் கதைக்கு உரைநடைத் தமிழாக்கம் கிடைத்தால் அதை வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், முதலில் வைக்க வேண்டியது டால்ஸ்டாய் 1885-இல் எழுதிய, செருப்புத் தைக்கும் மார்த்தினின் சிறுகதை. மகனைப் பறிகொடுத்துக் கடவுளிடம் கோபம் கொண்ட மார்த்தின், நிலத்துக்குக் கீழுள்ள அறையில் வேலை செய்வதால், தெருவில் போகிறவர்களை முகத்தால் அறியமாட்டார். தாம் தைத்த பூட்ஸைக் கொண்டே அறிவார். நாளை வருவேன் என்று ஆண்டவர் சொன்னதாகக் கேட்டுக் காத்திருக்கிறார், வருகிறவர்களோ ஏழைகள். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனியில் அப்பர் எனப்படும் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் தாய்மாரின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். இக்கதையை வாசித்த நாளில், எப்போதும் பின்வரிசையில் பேசிக்கொண்டிருக்கும் பையன் ஒருவன், எங்கள் அம்மாவும் தையலைப் பார்த்தே யார் தைத்தது என்று சொல்லிவிடுவார் ஐயா என்றான். அதற்குமேல் நான் விளக்கம் ஏதும் சொல்லவில்லை.

பதில் 4: கல்லூரி மாணவி, வேலூர்

அக்கா, நான் அண்மையில்தான் அந்த வயதைக் கடந்தவள் என்பதால் எழுதுகிறேன். ஜெபித்தவுடன் தேர்வில் முதல் மதிப்பெண் கிடைத்தது என்று முடியும் கதைகளை நாங்கள் நம்பவில்லை. ஆசிரியர் மனம் வருந்தக்கூடாது என்று தலையாட்டினோம். தாவீது ராஜா, பிறன் மனைவியான பத்சேபாளின் விஷயத்தில் பாவத்தில் விழுந்ததை வேதாகமம் மறைக்கவில்லை. தவறு செய்கிறவன் தவறு செய்பவனாகவே வரட்டும், அதன் விளைவும் வரட்டும். மற்றொன்று, படித்து முடித்ததும் கேள்வித்தாள் கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கேள்வித்தாள் உண்மையிலேயே தயாராக இருந்தது, அதைக் கைவிடுகிறேன். வருகிற ஞாயிறு மார்த்தின் கதையை வகுப்பில் உரக்க வாசிக்கப் போகிறோம். ஞானாம்பாளின் கதையில் இரண்டு பிரதிகள் வாங்க ஆயர் ஐயா சம்மதித்துவிட்டார். நார்னியா புத்தகத்தை மூப்பரிடமே கொடுத்து, முதல் அதிகாரத்திலிருந்து படித்துப் பார்த்து முடிவு சொல்லும்படி கேட்டிருக்கிறேன். அவர் திருப்பித் தரும்வரை அலமாரியில் அந்த இடம் காலியாகவே இருக்கும்.