0.075 எம்ஜியும் 75 எம்சிஜியும் ஒண்ணுதானா? அம்மா மாத்திரை போட பயப்படுறாங்க

மாம்பலம்பொண்ணு:
வணக்கம், அம்மா ஆறு மாசம் அமெரிக்காவுல அக்கா வீட்ல இருந்துட்டு போன வாரம்தான் சென்னை வந்தாங்க. அங்க டாக்டர் எழுதின தைராய்டு மாத்திரை சீட்டுல 0.075 எம்ஜின்னு இருக்கு, இங்க வாங்கின டப்பால 75 எம்சிஜின்னு போட்டிருக்கு. "அது புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பர்டி, இது முழுசா எழுபத்தஞ்சு"ன்னு பயந்துபோய் ரெண்டு நாளா மாத்திரையே போடல. கடைல கேட்டா ஒண்ணுதான்மான்னு சொல்லிட்டு அடுத்த ஆள பாக்க போயிட்டாங்க. அம்மாவுக்கு புரியிற மாதிரி யாராவது சொல்லுங்களேன் ப்ளீஸ்.

வேளச்சேரி பார்மசிஸ்ட்:
சிஸ்டர், ரெண்டும் ஒரே அளவுதான். எம்ஜின்னா மில்லிகிராம், எம்சிஜின்னா மைக்ரோகிராம். 1 கிராம்ல 1000 மில்லிகிராம், 1 மில்லிகிராம்ல 1000 மைக்ரோகிராம், அதனால 0.075ல புள்ளிய வலது பக்கம் மூணு எடம் தள்ளினா 75. மைக்ரோகிராமுக்கு கிரேக்க எழுத்து மியூ போட்டும் எழுதுவாங்க, ஆனா கையால எழுதினா அது எம் மாதிரி தெரியும், மைக்ரோவ மில்லின்னு படிச்சா மருந்து ஆயிரம் மடங்கு ஆயிடும், அதுக்குதான் எம்சிஜின்னு எழுதச் சொல்றாங்க. புள்ளிக்கு முன்னாடி சைபர் போடுறதும் இதுக்குத்தான், வெறும் புள்ளி கண்ணுல படாம போயிடும். விட்டுப்போன ரெண்டு நாளுக்கும் சேர்த்து நீங்களா போட்றாதீங்க, டாக்டருக்கு ஒரு போன் பண்ணி கேட்டுக்கோங்க.

தி.நகர் நகைக்கடை:
அம்மாவுக்கு தங்கத்த வச்சு சொல்லுங்கம்மா, உடனே புடிபடும். நான் பில் போடுற ஆளு, தினம் இதேதான் வேலை. சவரன் 8 கிராம், பில்லுல 7.250ன்னு இருந்தா 7 கிராம் 250 மில்லி, 7.025ன்னா 7 கிராம் 25 மில்லிதான், அந்த சைபர் எடம் மாறினா 225 மில்லி தங்கத்தோட காசு போச்சு. வெறும் 0.075 கிராம்னா நாங்க 75 மில்லின்னு சொல்லுவோம், யாரும் அத ரெண்டு எடைன்னு நெனைக்க மாட்டாங்க. உங்க மாத்திரையும் அதே கணக்குதான், ஒரு படி கீழ எறங்கி மில்லிக்குள்ள நடக்குது. நாங்க கடைல சொல்ற மில்லி மில்லிகிராம், பால் பாக்கெட்ல இருக்கிற மில்லி வேற, அது மில்லிலிட்டர்.

ரெண்டு குழந்தைங்க அம்மா:
இந்த மில்லி குழப்பத்துல நானே மாட்டியிருக்கேன்!! பாராசிட்டமால் சிரப்ல 5 மில்லில 120 எம்ஜி இருக்கறதும் இருக்கு, 250 எம்ஜி இருக்கறதும் இருக்கு. பழைய பாட்டில் தீர்ந்துபோய் புதுசு வாங்கினப்ப வழக்கம்போல 5 மில்லி ஊத்திட்டேன், அப்புறம்தான் லேபிள பாத்தேன், ரெண்டு மடங்குக்கு மேல உள்ள போயிருக்கு. அன்னிக்கு ராத்திரி டாக்டர்கிட்ட பேசுற வரைக்கும் கை நடுங்கிட்டே இருந்துச்சு. மூடில ஊத்துற மில்லி தண்ணி அளவு, எம்ஜிதான் மருந்தோட எடை, தயவுசெஞ்சு ரெண்டையும் பாருங்க.

மாம்பலம்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். தோடு பில்ல எடுத்து காட்டினதும் அம்மாவே புள்ளிய விரல் வச்சு தள்ளி பாத்துட்டாங்க, டாக்டர்கிட்டயும் பேசியாச்சு, நாளைக்கு காலைல வெறும் வயித்துல போடச் சொல்லியிருக்காரு. இன்னொண்ணு, வாரம் ஒரு தடவ போடுற விட்டமின் டி மாத்திரைல 60000 ஐயுன்னு இருக்கே, அதுக்கும் ஆயிரம் கணக்குதானா?

வேளச்சேரி பார்மசிஸ்ட்:
இல்ல சிஸ்டர், ஐயுன்னா இன்டர்நேஷனல் யூனிட், அது எடை இல்ல, மருந்து எவ்வளவு வேலை செய்யும்ங்கிற அளவு, ஒவ்வொரு விட்டமினுக்கும் மாறும். விட்டமின் டிக்கு 40 ஐயு 1 மைக்ரோகிராம், அப்ப 60000ன்னா 1500 மைக்ரோகிராம், அதாவது 1.5 மில்லிகிராம்.