மறு: 'காற்றோட்டத் திறன்' – எனக்கு உடன்பாடில்லை

வணக்கம்.

> வென்டிலேட்டரி எஃபிஷியன்சி = காற்றோட்டத் திறன்; ஸ்லோப் = சரிவு

இந்த இரண்டையும் நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நோயாளி கையில் கொடுக்கப்படும் அறிக்கையில் வரப்போகிற சொற்கள் இவை.

வென்டிலேட்டரி எஃபிஷியன்சி என்று அறிக்கையில் வரும் எண் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். நுரையீரல் உயர் அழுத்தம் (நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடும் நோய்) உள்ளவரை முகமூடி மாட்டி சைக்கிள் மிதிக்கச் சொல்லி, சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூச்சுக்கு மூச்சு காற்றை அளக்கிறார்கள். ஒரு லிட்டர் கரியமில வாயுவை வெளியேற்ற எத்தனை லிட்டர் காற்றை மூச்சாக விட வேண்டியிருக்கிறது? அதுதான் கணக்கு; வரைபடத்தில் கோட்டின் ஸ்லோப்பாக வருவதும் அதுவே. இந்த நோயில் நுரையீரலின் சிறு தமனிகள் குறுகிவிடுவதால், காற்று நுண்ணறை (நுரையீரலின் சிறு காற்றுப் பை) வரை போனாலும் அங்கே போதிய இரத்தம் வந்து சேர்வதில்லை. போன காற்று வேலை செய்யாமலே திரும்புகிறது. எனவே அதே வாயுவை வெளியேற்ற இன்னும் அதிகமாக மூச்சு வாங்க வேண்டும். இந்த நோய்க்கான 2022 ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதலில், இந்த எண் 36க்குக் கீழே இருந்தால் குறைந்த அபாயம், 44ஐத் தாண்டினால் அதிக அபாயம்.

ஆக, நோய் முற்ற முற்ற எண் ஏறுகிறது. அதற்குப் போய் 'திறன்' என்று பெயர் வைத்தால், 'திறன் 34லிருந்து 46' என்று படிப்பவர் தேறிவிட்டதாக நினைத்து மகிழ்ந்துவிடுவார். 'சரிவு அதிகம்' என்றாலோ ஏதோ இறங்கிவிட்டது என்றுதான் படும். கணக்குப் பாடத்தில் 'சாய்வு' இருக்கிறதே, அதுவே போதும். 'காற்றோட்டம்' என்றதும் சன்னல்தான் நினைவுக்கு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பரிந்துரை 'செலவு'. செலவு கூடினால் நல்லதல்ல என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

> அப்படியானால் 'மூச்சுச் செலவு' என்றே வைக்கலாமே?

நானும் முதலில் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் மூச்சுத் தசைகள் இயங்கச் செலவாகும் ஆக்சிஜனுக்கு அந்தப் பெயர் பின்னால் தேவைப்படும். அது வேறு அளவு. இங்கே செலவாவது காற்று. ஆகவே 'காற்றுச் செலவு', வரைபடத்தில் 'காற்றுச் செலவுச் சாய்வு'.

அப்புறம், மேலே சொன்ன சைக்கிள் சோதனையின் பெயர். 'உடற்பயிற்சிச் சோதனை' வேண்டாம். பயிற்சி என்பது பழகித் தேறுவதற்குச் செய்வது. இங்கே உடலை உழைக்கவிட்டு, இதயமும் நுரையீரலும் அதற்கு எப்படி ஈடுகொடுக்கின்றன என்று பார்க்கிறார்கள். 'இதய நுரையீரல் உழைப்புச் சோதனை' என்றால் சரியாக வரும். ஆறு நிமிட நடைச் சோதனை எவ்வளவு தூரம் நடந்தார் என்று சொல்லும். ஏன் நின்றார் என்று சொல்லாது. அதைத் தேடுவதற்குத்தான் இந்தச் சோதனை.

உழைப்பின் உச்சத்தில் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவைக் குறிக்கும் 'உச்ச ஆக்சிஜன் நுகர்வு' பற்றி ஒரு கேள்வி. நுகர்வது தசை; ஆனால் முகமூடி அளப்பது உடலுக்குள் ஏற்கப்பட்ட ஆக்சிஜனை. 'ஏற்பு' என்று மாற்றலாமா?