பதிப்புப் பூட்டா, பதிப்புத்தளையா?

அண்ணை, வணக்கம்.

பணிகளை ஒழுங்குப்படி நேரத்துக்கு ஓட்டும் மென்பொருளான எயார்ஃப்ளோவின் கையேட்டுக்கு நாங்கள் ஆக்கும் சொற்பட்டியலில் உள்ள "பதிப்புப் பூட்டு" எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. ஒரு பொதியை, அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல்தொகுப்பை, இரட்டைச் சமக்குறி (==) போட்டு ஒரே பதிப்பெண்ணில் நிறுத்துவதற்கு அது சரி. எயார்ஃப்ளோவை இற்றைப்படுத்தும்போது நடப்பது வேறு. எயார்ஃப்ளோவின் பதிப்புக்கும் பைத்தன் நிரல்மொழியின் பதிப்புக்கும் ஏற்ப ஒரு கோப்புத் தருகிறார்கள். சேர்த்து ஓட்டிச் சோதித்த நூற்றுக்கணக்கான பொதிகளின் எண்கள் அதில் வரிவரியாக இருக்கும். 2.9இலிருந்து 2.10க்குப் போனால் கோப்பும் மாறவேண்டும்.

இதற்குத் "தளை" என்பேன். சீவல் தொழிலாளி பனையேறும்போது மாட்டும் தளைநார் இரண்டு காலையும் ஒன்றாகப் பிணைக்கும். ஒரு கால் மட்டும் மேலே போக விடாது. ஏறுவதைத் தடுக்கவும் மாட்டாது. பூட்டு என்றால் புதிதாகப் படிப்பவர் "இனித் தொடக்கூடாது" என்று விளங்கிக்கொண்டு பழைய பதிப்பிலேயே வருடக்கணக்காக இருந்துவிடுவார்.

பொதிகளின் பதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்கு வைத்த "பதிப்பு முரண்" என்பதையும் மாற்றலாம். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் இரண்டு கிளைகளை இணைக்கும்போது வருவதையும் முரண் என்றுதான் எழுதுகிறோம். "தளை தட்டல்" என்றால் குழப்பமில்லை. யாப்பில் சீரும் சீரும் சேரும் கட்டுக்கும் தளை என்றுதான் பெயர். வெண்பாவில் மாச்சீரை அடுத்து நேரசை வந்தால் தளை தட்டும். தனித்தனியே இரண்டு சீரிலும் பிழையில்லை, சந்திக்கும் இடத்தில்தான் பிழை. தரவுத்தளத்தோடு பேச உதவும், 2023 ஜனவரியில் வந்த எஸ்கியூஎல்அல்கெமி 2.0 நல்ல பொதிதான். எயார்ஃப்ளோ 2 வரிசையோடு வைத்தால் தளை தட்டும்.

கையேட்டுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்: "பிறகு வேறு பொதி நிறுவினாலும் எயார்ஃப்ளோவின் எண்ணையும் தளைக்கோப்பையும் அதே கட்டளையில் திரும்பக் குறிப்பிடுக. விட்டால் பிப் (பொதி நிறுவும் கருவி) சத்தமில்லாமல் எயார்ஃப்ளோவையே ஏற்றியோ இறக்கியோ விடக்கூடும்." வாசிக்க எங்கும் இடறவில்லை.

—

தம்பி, தளைக்கு நானும் உடன்பாடு. தனிப்பொதிக்குப் பூட்டு இருக்கட்டும்.

ஆனால் "தளை தட்டல்" பொதிகளோடு நிற்கவேண்டும். மென்பொருள் புதியது, தரவுத்தள அட்டவணைகள் பழையவை என்ற நிலையை அதற்குள் போடவேண்டாம். அது தளைக்கோப்பை மாற்றித் தீராது. தரவுத்தளத்தைப் படியெடுத்து வைத்துவிட்டு "டிபி மைகிரேட்" கட்டளையை ஓட்டவேண்டும், 2.7க்கு முன்னர் அது "டிபி அப்கிரேட்". நாற்றைப் பெயர்த்து நடுவதுபோல "அட்டவணைப் பெயர்ப்பு" என்று வைக்கலாம்.

பழைய நிரலில், எந்த இடைவெளியில் ஓடவேண்டும் என்று குறிக்கும் "ஷெடியூல் இன்ரேவல்" கிடந்து 3.0இல் பணிப்பாய்வு ஏறாமல் போவதும் தளை தட்டல் அல்ல. அதற்கு 2.4இலேயே எச்சரிக்கை வந்தது, 3.0இல் எடுத்துவிட்டார்கள். இலக்கணக்காரர் தந்த "வழக்கொழிவு" அப்படியே பொருந்தும். மூன்றையும் தனித்தனி வரியாகப் பட்டியலில் போடுங்கோ. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.