ஆங்கில வகுப்பில் மாணவரின் சொந்த வாழ்க்கைக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்?

கேள்வி (புதிய ஆங்கில ஆசிரியர், உசிலம்பட்டி வட்டாரம்)

அனைவருக்கும் வணக்கம். இந்தக் கல்வியாண்டில்தான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகள் என் பொறுப்பில் உள்ளன. மாணவர் வீட்டிலும் ஊரிலும் கற்றுக்கொண்டு வருவதைக் குறையாகப் பார்க்காமல், பாடம் தொடங்க வேண்டிய இடமாகக் கொள்ள வேண்டும் என்பது பி.எட். படித்த நாளிலிருந்தே என் நம்பிக்கை. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குச் சிறப்பாகக் கற்பித்த ஆசிரியர்களை ஆராய்ந்த குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ், 1995-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு மூன்று அளவுகோல்களை வைத்தார்: மாணவர் படிப்பில் உண்மையாகவே தேற வேண்டும், தம் பண்பாட்டை விட்டுக்கொடுக்காமல் தேற வேண்டும், சமூகத்தின் ஏற்றத்தாழ்வுகளைக் கேள்வி கேட்கும் தெளிவும் பெற வேண்டும். பள்ளி அறிவைப் பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வோடு இணைக்க வேண்டும் என்றே நம் நாட்டின் 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் சொல்கிறது.

ஆனால் உடன் பணியாற்றும் மூத்தவர்கள், “35 மதிப்பெண் எடுக்க வைப்பதே பெரும்பாடாக இருக்கிறது, இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்கிறார்கள். முதற்கட்டமாக, ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத் தொழிலைப் பற்றியும் குலசாமி கும்பிடும் முறையைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதி, வகுப்பின்முன் வாசிக்கும்படி செய்யலாம் என்று நினைக்கிறேன். இது சரியான தொடக்கமா?

மறுமொழி 1 (ஆசிரியை, திருமங்கலம் பக்கம்)

தம்பி, உங்கள் நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள். நேரம் இல்லை என்பவர்களுக்கு என் வகுப்பிலிருந்தே ஒரு பதில் சொல்கிறேன். செயப்பாட்டு வினையை நாம் வழக்கமாக, ராமன் பழம் தின்றான், பழம் ராமனால் தின்னப்பட்டது என்று மாற்றிப் போட்டுக் காட்டிவிட்டுப் போகிறோம். அது எதற்குப் பயன்படுகிறது என்பது பிள்ளைகளுக்குக் கடைசிவரை பிடிபடுவதில்லை. ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று விளக்கும்போதுதான் அந்த வடிவம் இயல்பாகத் தேவைப்படுகிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மல்லிகைத் தோட்டம் நன்றாகத் தெரியும். மொட்டு விரியும் முன்பே, விடியற்காலையில் பறிக்க வேண்டும்; வெயில் ஏறுவதற்குள் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும்; மார்கழிப் பனியில் வரத்து குறைந்தால் விலை ஏறும். ‘தி பட்ஸ் ஆர் பிளக்ட் பிஃபோர் சன்ரைஸ்’ என்று முதல் வாக்கியத்தை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். எடை போடுவது, மூட்டை கட்டுவது, ஏலம் கூறுவது என்று அடுத்தடுத்த வாக்கியங்களை அவர்களே சொன்னார்கள். பூவில் கை பழகிய பெண்பிள்ளைகள் அன்று என்னையே இரண்டு இடங்களில் திருத்தினார்கள். 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிய சிறு பத்தியொன்றை மறுநாள் வாசிப்புப் பயிற்சிக்கு வைத்தேன். பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு மணி நேரம்கூடப் போகவில்லை.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேலூர்)

தம்பியின் நோக்கம் நல்லது. ஆனால் அந்த முதற்பயிற்சியை அப்படியே செய்ய வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நம் ஊர்களில் குடும்பத் தொழிலையும் குலசாமியையும் வகுப்பின்முன் சொல்லச் சொல்வது, சாதியைச் சொல்லச் சொல்வதேயாகும். பெருமையோடு எழுந்து வாசிக்கும் பிள்ளைக்குப் பக்கத்திலேயே, தலையைக் குனிந்துகொண்டு நோட்டை மூடிவைக்கும் பிள்ளையும் இருக்கும். மாணவர்களிடையே சாதி வேறுபாடுகளைக் களைய அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024-ல் அளித்த அறிக்கையில் கைகளில் வண்ணக் கயிறு கட்டுவதைக்கூடத் தடுக்கப் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, அதே அடையாளத்தை ஆங்கிலப் பத்தியாக எழுதி வாசிக்கச் சொன்னால் என்ன பொருள்?

பண்பாடு என்றதும் ஜல்லிக்கட்டை எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வகுப்பில் சில பையன்கள் மட்டுமே பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே குடும்பத்தைக் கேட்காமல், அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, வங்கியில் பாட்டிக்குப் படிவம் நிரப்பித் தருவது என்று பல தலைப்புகளைக் கொடுத்து, அவர்களே ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். எழுதியதை நீங்கள் மட்டும் படியுங்கள். வாசித்துக் காட்டுவது அவரவர் விருப்பமாக இருக்கட்டும்.

லாட்சன்-பில்லிங்ஸ் சொன்ன மூன்றாவது அளவுகோலைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். அதற்கும் இங்கே இடமிருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி எங்கள் வட்டாரத்தில்தான் உள்ளது. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர்கள் திரண்டதையும், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததையும் பிள்ளைகள் கண்ணால் பார்த்தவர்கள். தேர்வுக்காகப் பயிற்சி தரும் ஆங்கிலக் கடிதத்தை, நாளிதழ் ஆசிரியருக்கு இந்தப் பொருளில் எழுதச் சொல்லலாம். சுரங்கத்தால் வேலை கிடைக்கும் என்ற எதிர்த்தரப்பு வாதத்தையும் அவர்கள் எடுத்துப் பேசியாக வேண்டும்.

மறுமொழி 3 (ஆசிரியை, மதுரை நகரம்)

ஐயா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். என் வகுப்பில் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைகள் உண்டு, தெலுங்கு பேசுவோரும் உண்டு. இவர்களுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில் மற்றவர்களைவிடப் பழக்கம் உள்ளவர்கள். குழுவில் எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசி யோசிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். இறுதியில் எழுதித் தருவது மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அதுவும் இரண்டாம் முறை திருத்தி எழுதியதாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் நான் தளர்வு காட்டுவதில்லை. கிராமத்துப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்று இரக்கப்பட்டு எளிய வேலையாகக் கொடுத்துக்கொண்டே போனால், கல்லூரியில் முதல் ஆங்கிலக் கட்டுரையை எழுதும்போது அந்தப் பிள்ளை தனியாகத் தவிக்கும்.

கேள்வி கேட்டவர்

அம்மாக்களுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. குலசாமிப் பத்தியைக் கைவிடுகிறேன். அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஐயா சொன்ன தலைப்புப் பட்டியலோடு தொடங்குகிறேன். ஐயாவிடம் ஒரு கேள்வி: எதையுமே தேர்ந்தெடுக்காமல் வெற்றுத்தாளை நீட்டும் மாணவரை எப்படிக் கையாள்வீர்கள்?

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேலூர்)

வகுப்பில் வைத்துக் காரணம் கேட்காதீர்கள், தம்பி. மதிய உணவு நேரத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த வாக்கியத்தை அவரிடமே விடுங்கள்.